குறை விரலில்தான்

உதவிக் கருவி இயக்ககத்தின் மனுப் பிரிவில் எழுத்தராக இருந்தவளை எல்லோரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டச்சில் அவள் கை அப்படி. பக்கத்து மேஜைக்காரர் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அதை அடித்து, அவர் சொன்னதில் இருந்த பிழையையும் திருத்தி, அடுத்து என்ன என்று நிமிர்ந்து பார்ப்பாள். காது கேட்காதவர்களுக்குக் காதுக் கருவி, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி என்று கொடுக்கும் இயக்ககம் அது. கொடுப்பது பெயர்ப்பலகையில் இருந்தது. உள்ளே பெரும்பாலும் வாங்குவார்கள், மனுவை.

அந்த வருடம் காகிதத்தை ஒழித்துவிட்டு எழுத்தர்கள் எல்லோருக்கும் மடிக்கணினி கொடுத்தார்கள். இயக்குநரே தலைமை தாங்கிய குழு பார்த்துப் பார்த்து வாங்கியவை. விழா நடந்தது. பெட்டியின் ஒரு முனையை இயக்குநரும் மறுமுனையை எழுத்தரும் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். படம் எடுத்த பிறகும் இயக்குநர் கொஞ்ச நேரம் பெட்டியை விடவில்லை. கொடுத்துப் பழக்கமில்லாததால் இருக்கலாம்.

மெஷின் அக்காவுக்கு வந்த கணினியில் எல்லாம் நன்றாக இருந்தது, டச்பேட் ஒன்றைத் தவிர. அதற்கு அலுவலகப் பெயர் தொடுபலகை. விரலை வைத்தால் திரையில் அம்புக்குறி எறும்பு கடித்ததுபோலத் துள்ளும். இடது பக்கம் இழுத்தால் யோசிக்கும். யோசித்துவிட்டு மேலே போகும். விரலை எடுத்த பிறகு தானாகவே ஒரு நடை போய்விட்டு வரும். ஒவ்வொரு மனுவின் அடியிலும் 'ஏற்க', 'மறுக்க' என்று இரண்டு பொத்தான்கள், நெரிசல் பஸ்ஸில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன.

அன்றைக்கு ஒரு வெல்டிங் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். தகடு அறுக்கும் சத்தத்திலேயே வருடக்கணக்காக நின்றதில் அவருக்குக் காது போய்விட்டது. அவருக்காக அந்த அம்மாதான் பேசினாள். அவள் குரல் கரகரத்திருந்தது.

"இவருக்குக் காது போனதுல எனக்குத் தொண்டை போச்சு மேடம். சாப்பிட வாங்கன்னு நான் கூப்பிட்டா தெருவே சாப்பிட எந்திரிக்குது."

டாக்டர் சான்று, அடையாள அட்டை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. மெஷின் அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்புக்குறியை மெதுவாக நகர்த்தி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி 'ஏற்க'வின்மேல் கொண்டுவந்து வைத்தாள். தட்டினாள். தட்டிய நொடியில் அது பக்கத்துக்குத் துள்ளியது.

'மனு மறுக்கப்பட்டது. உங்கள் உறுதியான முடிவுக்கு நன்றி' என்றது திரை.

"ஆயிடுச்சா மேடம்?" என்றாள் அந்த அம்மா.

மெஷின் அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா கணவரின் காதருகே போய், "மறுத்துட்டாங்களாம்!" என்று கத்தினாள்.

"மருந்தா?" என்றார் அவர். "மெஷின் தருவாங்கன்னுதானே சொன்னே?"

மெஷின் அக்கா எழுந்து கண்காணிப்பாளரிடம் ஓடினாள். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்று சொல்வதால் அவருக்கே பார்க்கலாம் சார் என்று பெயர்.

"தெரியாம மறுத்துட்டேன் சார். திருப்ப முடியுமா?"

"மறுத்ததை ஏத்துக்க முடியாதும்மா. மேல்முறையீடு பண்ணச் சொல்லு. ஆனா ஒரு தடவைதான். அதுலயும் மறுத்துட்டா அவ்வளவுதான்."

"மேல்முறையீடு யார்கிட்ட சார் போகும்?"

"உன்கிட்டதான் வரும்."

"இதே கம்ப்யூட்டர்லயா?"

"பார்க்கலாம்" என்றார் அவர்.

மெஷின் அக்கா தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் செய்தாள்.

"புகாரை எல்லாம் இணையத்துல பதிவு பண்ணணும் மேடம்."

"டச்பேட் வேலை செய்யலைங்கறதுதான் தம்பி புகாரே."

"அதையே அதுல போய்ப் பதிவு பண்ணுங்க."

புகார்ப் பக்கம் அவளை உடனே நம்பிவிடவில்லை. ஒரு பூனைப் படத்தைக் காட்டியது. பூனையின் முகம் மட்டும் தனியாக ஒரு மூலையில் கிடந்தது. 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய, இந்தத் துண்டை இழுத்து உரிய இடத்தில் பொருத்துங்கள்.' அவள் இழுத்தாள். முகம் வாலில் போய் உட்கார்ந்தது. மறுபடி இழுத்தாள். முகம் படத்தைவிட்டே வெளியேறியது. அதற்குமேல் அந்தப் பக்கத்துக்குப் பொறுமை இல்லை. 'நீங்கள் இயந்திரம் எனத் தெரிகிறது. அருகில் மனிதர் யாரேனும் இருந்தால் அவரை முயலச் சொல்லவும்.'

பார்க்கலாம் சார் வந்து முயன்றார். அவரும் இயந்திரம் ஆனார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படிச் சொன்னதில்ல" என்று கொஞ்சம் பெருமையோடுதான் எழுந்து போனார்.

கடைசியில் அவரே தொழில்நுட்பப் பிரிவுக்கு நடந்து போய் நேரில் சொல்லி, ஒரு டெக்னீஷியனை அனுப்பவைத்தார். டெக்னீஷியன் கழுத்தில் அட்டையும் கையில் ஒரு மெல்லிய துணியுமாக வந்தார்.

"ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஆஃப் பண்ணி எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"உடனே போட்டுட்டேன்."

"அதான் பிரச்சனை. அதுக்கும் மூச்சு வாங்க நேரம் வேணும்ல?"

அணைத்துவிட்டு இருவரும் அதன் எதிரே பேசாமல் உட்கார்ந்தார்கள். பிறகு போட்டார். அம்புக்குறி துள்ளியது. துணியால் துடைத்தார். துள்ளியது. அவளைக் கை கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். வந்தாள், துள்ளியது. சார்ஜர் வயரைப் பிடுங்கினார். கொஞ்சம் குறைவாகத் துள்ளியது.

"பாத்தீங்களா, முன்னேற்றம்."

"நீங்க ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். அம்புக்குறி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்தது. டெக்னீஷியன் அதைச் சிறிது நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க விரலுக்குப் பழகிடுச்சு மேடம். அதான் என்கிட்டயும் அதே மாதிரி நடந்துக்குது."

தன் செல்போனில் அறிக்கையைத் திறந்தார். கோளாறுக்கான காரணம் என்று அதில் வியர்வை, நகம், மோதிரம், விரல், மனநிலை என்று கொடுத்திருந்தார்கள்.

"இதுல கருவிக் குறைன்னு ஒண்ணு இல்லையே?"

"எப்படி இருக்கும்? வாங்கும்போதே குறையில்லைன்னு இயக்குநர் கையெழுத்துப் போட்டுட்டாரே. கையெழுத்துக்கு அப்புறம் குறை வர்றதுக்கு இடம் விடல." கொஞ்சம் யோசித்தார். "மனநிலைன்னு போட்டா உங்களுக்குச் சிக்கல் ஆயிடும். விரல்னு போட்டுடறேன்."

"ஒரு மௌஸ் குடுத்தாலே போதுமே?"

"வெளிக் கருவி சொருகணும்னா அனுமதி வாங்கணும். எழுதிக் குடுங்க. ஆனா மௌஸ்னு எழுதாதீங்க, நல்ல தமிழ்ல இல்லைன்னு திருப்பிடுவாங்க. சுட்டின்னு எழுதுங்க."

அவள் எழுதினாள். 'என் பணிக்கு உதவியாகச் சுட்டி ஒன்றை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.'

பதில் பணியாளர் நலப் பிரிவிலிருந்து வந்தது. அலுவலக நேரத்தில் குழந்தைகளை இருக்கையில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்றும், குழந்தையின் வயதை அவள் குறிப்பிடவில்லை என்றும் அதில் இருந்தது. அவள் விளக்கம் எழுதினாள். இது குழந்தை அல்ல, மேஜைமேல் வைத்துக் கையால் நகர்த்துகிற சுட்டி. குழந்தையை மேஜைமேல் வைப்பதும் கையால் தள்ளுவதும் கண்டிக்கத்தக்கது என்று அடுத்த பதில் வந்தது. அதற்கு மறுநாள் நலப் பிரிவு ஆலோசகர் அம்மா நேரிலேயே வந்து, நாற்காலியை நெருக்கிப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சனையா கண்ணு?" என்றாள்.

இதற்கிடையே டெக்னீஷியனின் அறிக்கை மேலே போய், அங்கிருந்து உத்தரவாகக் கீழே வந்தது. விரலை மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும்.

எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், தோல் டாக்டர் மூவரும் வரிசையாக உட்கார்ந்து அவள் வலது ஆள்காட்டி விரலைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள். "எதையாவது சுட்டிக் காட்டுங்க" என்றார் நரம்பு டாக்டர். அவள் அவரையே காட்டினாள். 'சுட்டும் திறன் நன்று' என்று குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் அவள் கணவன் தன் தையல் கடையில் உட்கார்ந்து சான்றிதழை இரண்டு தடவை படித்தான். மேற்படி விரல் அலுவலகப் பணிக்கு முழுத் தகுதி உடையது, ஏனைய விரல்கள் பரிசோதிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது.

"அப்போ மத்த ஒன்பதும் டெம்பரரியா?" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "அந்த வெல்டிங்காரர் மேல்முறையீடு போட்டிருக்கார். திறக்கவே பயமா இருக்கு. திறந்து, அதுவும் தப்பா விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"தொடாம விடு."

"தொடாம விட்டா அவருக்குக் காது எப்படி வரும்?"

அவன் வெட்டிய துணியை மடித்து வைத்தான்.

விரலும் நல்லது, கருவியும் நல்லது என்று ஆகிவிட்டதால் குறை இரண்டுக்கும் நடுவேதான் இருக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. எழுத்தர்கள் எல்லோருக்கும் மென்தொடுதல் பயிலரங்கம் வைத்தார்கள். பயிற்சியாளர் ஆளுக்கொரு மரச் சில்லைக் கொடுத்து அதில் விரலை வைக்கச் சொன்னார். "கட்டளை போடற மாதிரி தொடாதீங்க. வேண்டிக்கற மாதிரி தொடுங்க" என்றார். மரச் சில்லு யாரிடமும் துள்ளவில்லை. எல்லோரும் தேறிவிட்டதாக அறிவித்தார்கள்.

பிறகு இயக்குநர் பேசினார்.

"கருவியில குறையில்லைன்னு சான்று இருக்கு. விரல்ல குறையில்லைன்னும் இப்போ சான்று வந்திருக்கு. ரெண்டும் முத்திரை வச்ச சான்று. அப்போ குறை எங்கே? குறையே இல்ல! இல்லாத குறைக்கு ஒருத்தங்க புகார் குடுத்திருக்காங்க. நான் கோபப்படல. யோசிக்கச் சொல்றேன். பலகையில குறைன்னா, அதை வாங்கின குழுவுல குறை. குழுவுக்குத் தலைவர் நான். அப்போ குறை என்கிட்டன்னு ஆகும். நான் சின்ன வயசுலேர்ந்து என்னைக் கவனிச்சிட்டு வர்றேன். அப்படி எதுவும் என் கண்ணுல படல."

கைதட்டினார்கள்.

"இன்னொண்ணும் சொல்லணும். இந்தப் பலகை வந்த பிறகு நிலுவை மனுக்கள் பாதியாக் குறைஞ்சிருக்கு. எப்படிக் குறைஞ்சுதுன்னு நான் கேக்கல. நல்லது நடக்கும்போது எப்படின்னு கேக்கறது நம்ம இயக்ககத்துல வழக்கம் இல்ல."

எப்படிக் குறைந்தது என்று மெஷின் அக்காவுக்குத் தெரியும். மற்ற எழுத்தர்களும் குனிந்து தங்கள் மரச் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துள்ளுவது அவளுடைய கணினி மட்டும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் வெல்டிங் கடைக்காரரும் மனைவியும் மறுபடி வந்தார்கள். அந்த அம்மாவின் கையில் மாவுக்கட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"கடைக்கு முன்னாடி லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு மேடம். தெருவே கத்துது. இவர் குனிஞ்சு எதையோ தேடிட்டு நிக்கறார். ஓடிப்போய் இழுத்தேன். இவர் தப்பிச்சுட்டார், என் கை மாட்டிக்கிச்சு."

அவர் மனைவியின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குச் சத்தம் தெரியாததால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "லாரிக்காரன் மேல தப்பு இல்லம்மா! அவன் ஹார்ன் அடிச்சானாம்!"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

மெஷின் அக்கா இருவரையும் உட்காரவைத்தாள். கணினியைத் திறந்தாள். அன்று அம்புக்குறி வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்தது. நாலைந்து தடவை துள்ளியபின் மேல்முறையீட்டைத் திறந்துவிட்டு நின்றது. அவள் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். இனிமேல் இதைத் தொடுவதாக இல்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில், 'மருத்துவச் சான்று சரியாக உள்ளது. முன்பு மறுத்தது பிழை' என்று அடித்தாள். அடித்து முடித்ததும், வருடக்கணக்காக அட்டவணை அடித்துப் பழகிய அவள் சுண்டுவிரல், அடுத்த கட்டத்துக்குத் தாவும் டேப் விசையைத் தானாக அழுத்தியது.

'ஏற்க' என்ற பொத்தானைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு விழுந்தது.

அவள் மறுபடி அழுத்தினாள். கோடு 'மறுக்க'வுக்குப் போனது. பின்னால் வரச் சொன்னாள், வந்தது. போன இடத்தில் நின்றது. துள்ளவில்லை. யோசிக்கவில்லை. நின்ற கோட்டை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, என்டரை அழுத்தினாள்.

'மனு ஏற்கப்பட்டது.' அவ்வளவுதான். இதற்கு நன்றி எதுவும் சொல்லவில்லை.

"ஆயிடுச்சும்மா" என்றாள்.

அந்த அம்மா கணவரின் காதில், "ஏத்துக்கிட்டாங்க!" என்று கத்தினாள்.

"ஏத்திட்டாங்களா?" என்றார் அவர் பதறி. "எந்த வண்டியில?"

அவர்கள் போன பிறகு மெஷின் அக்கா எழுந்திருக்கவில்லை. தவறாக மறுக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடந்த மனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, சரியாக இருந்ததை எல்லாம் ஏற்றுக்கொண்டே போனாள். விசைகளின் சத்தம் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருந்தது. பார்க்கலாம் சார் வந்து நின்றார்.

"என்னம்மா பண்றே?"

"ஏத்துக்கறேன் சார்."

அவர் திரையைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார். வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்து, நடைபாதையிலிருந்து அவள் மேஜை தெரியாதபடி குறுக்கே போட்டு, செய்தித்தாளை அகலமாக விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அது எவ்வளவு நேரத்துக்கு மறைக்கும்? இயக்ககத்தின் வரலாற்றிலேயே அத்தனை மனுக்கள் ஒரே மூச்சில் ஏற்கப்பட்டதில்லை. முதலில் திருட்டு என்று நினைத்தார்கள். பிறகு, தொடுபலகையைத் தொடாமல் முடிவெடுத்தது ஏன் என்று கேட்டு அவளுக்கு மெமோ வந்தது. துணை இயக்குநர் விசாரித்தார். எப்போதும் பக்கத்தில் தண்ணீர்க் குவளை வைத்திருக்கும் மெலிந்த மனிதர்.

"தொட்டீங்களா, தொடலையா?"

"தொடலை சார்."

"ஏன் தொடலை?"

"தொட்டா துள்ளுது சார்."

"துள்ளுதுன்னு எழுதினா குறைன்னு ஆயிடும். குறை இல்லைன்னு சான்று இருக்கு. வேற காரணம் சொல்லுங்க."

"வேற காரணம் இல்ல சார்."

துணை இயக்குநர் தண்ணீர் குடித்தார். "எல்லா அனுமதியையும் ரத்து பண்ணிடலாம்னு பாத்தா, ஏன் ரத்துன்னு எழுதணும். தொடாததால ரத்துன்னு எழுதினா, ஏன் தொடலைன்னு மேல கேப்பாங்க. நான் என்னத்தைம்மா சொல்லுவேன்? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு." சிறிது நேரம் கூரையைப் பார்த்தார். "எதையுமே தொடாமலா பண்ணீங்க?"

"விசையைத் தொட்டேன் சார்."

"விசை எதுல இருக்கு?"

"விசைப்பலகையில."

அவர் முகம் மலர்ந்தது. "பலகைதானே?"

"பலகைதான் சார்."

"தொட்டீங்கள்ல?"

"தொட்டேன்."

"தொட்ட பலகை, தொடுபலகை! இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார். கை ஈரமாக இருந்தது.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. இனி விசைப்பலகை 'விரிந்த தொடுபலகை' என்று அழைக்கப்படும். இயக்குநரின் தொலைநோக்கால் உருவான இந்தத் திட்டத்தின் கீழ் எழுத்தர்கள் அதைக் கொண்டே முடிவெடுக்கலாம். பழைய சிறிய தொடுபலகை மிக நல்ல நிலையில் இருப்பதால், அதன் நிலை கெடாமல் காக்கும் பொருட்டு அதை யாரும் தொடக் கூடாது. மேலே ஒட்டுவதற்கு ஆளுக்கொரு அட்டைத் துண்டும் கொடுத்தார்கள். மெஷின் அக்காவுக்குப் பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. ஏற்கப்பட்ட மனுக்கள் அப்படியே நின்றன. அவள் அன்று வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் கடையில் உட்கார்ந்து, கணவன் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தாள்.

கருவிகள் வழங்கும் விழாவில் முதல் ஆளாக வெல்டிங் கடைக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். காது நிபுணர் கருவியைப் பொருத்தி முடுக்கினார். அவர் முகம் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது. மின்விசிறியைப் பார்த்தார். யாரோ நாற்காலியை இழுக்கிற பக்கம் திரும்பினார். பிறகு மனைவியைப் பார்த்து, "ஏதாவது பேசு" என்றார்.

"கேக்குதாங்க?" என்றாள் அந்த அம்மா மெதுவாக.

"கத்தாதே" என்றார் அவர்.

கடைசி வரிசையில் மெஷின் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் பார்க்கலாம் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவனும் மனைவியும் இறங்கி வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார்.

"இந்தத் திட்டம் என் மனசுல எப்போ உதிச்சுதுன்னு பலபேர் கேக்கறாங்க. நான் பிறந்தபோதே அது என்கூடப் பிறந்துடுச்சுன்னு நினைக்கிறேன்..."

வெல்டிங் கடைக்காரர் முன்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆசையோடு கேட்டார். காது வந்த பிறகு அவர் கேட்கிற முதல் சொற்பொழிவு. இயக்குநர் தன் பள்ளிப் பருவத்தைச் சொல்லி முடித்து, கல்லூரிக்கு வந்தார். அங்கிருந்து, தான் இல்லாவிட்டால் ஊரில் எத்தனை பேருக்குக் காது கேட்காமல் போயிருக்கும் என்பதற்கு வந்தார். வெல்டிங் கடைக்காரரின் கை மெதுவாக மேலே போனது. காதுக்குப் பின்னால் எதையோ தடவியது. கை இறங்கியபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தலையை மட்டும் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அவர் தொடையில் இடித்தாள். ஏன் அணைத்தீர்கள் என்று கண்ணால் கேட்டாள்.

அவர் அவள் பக்கம் குனிந்து ரகசியமாகத்தான் சொன்னார். கருவி அணைந்திருந்ததால் அரங்கின் கடைசி வரிசைவரை கேட்டது.

"பேட்டரி வீணாப் போகும்ல!"

கடைசி வரிசையில் பார்க்கலாம் சார் எழுந்து நின்று கைதட்டினார். எழுத்தர்கள் தட்டினார்கள். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். இயக்குநர் பேச்சை நிறுத்தி, நெஞ்சில் கைவைத்து, குனிந்து வணங்கினார்.